மூன்று கேள்விகள் போதுமா?

சிறு குழந்தை சாட்சி சொல்ல வந்தால், நீதிபதி எடுத்த எடுப்பில் வழக்கைப் பற்றிக் கேட்பதில்லை. எந்த வகுப்பு படிக்கிறாய், உங்கள் ஊர் எது, பொய் சொல்லலாமா என்றுதான் பேச்சுக் கொடுப்பார். கேள்வி புரிகிறதா, பொருத்தமாகப் பதில் வருகிறதா என்று அறியும் சோதனை இது. இந்தியச் சட்டம் சாட்சிக்குக் குறைந்தபட்ச வயது எதையும் வைக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் புரிந்து பதில் சொல்லும் திறனை மட்டுமே பார்க்கின்றன.

சிக்கல் மேல்முறையீட்டில்தான் எழுகிறது. அங்குள்ள நீதிபதிகள் அந்தக் குழந்தையைப் பார்ப்பதே இல்லை. தயங்கியதா, யார் முகத்தையாவது பார்த்துப் பார்த்துப் பேசியதா என்பது அவர்களுக்குத் தெரியாது; கையில் இருப்பது வாக்குமூலத் தாள்தான். அதனால் நேரில் கண்ட விசாரணை நீதிபதியின் கணிப்பை மதிக்கிறார்கள். பதிவேட்டிலேயே பிழை தெரிந்தால் மாற்றுகிறார்கள்.

ஹரியானா கொலை வழக்கு ஒன்றில் அப்படித்தான் நடந்தது. அந்தச் சிறுவனிடம் விசாரணை நீதிபதி கேட்ட முன்கேள்விகள் மூன்றே மூன்று. இது போதாது என்றது உச்ச நீதிமன்றம். 2023இல் தண்டனையையும் ரத்து செய்தது.

2025 பிப்ரவரியில் வந்த மத்தியப் பிரதேச வழக்கின் தீர்ப்பு இதற்கு நேர்மாறானது. 2003இல் தாய் கொல்லப்பட்டதைப் பார்த்ததாகச் சொன்னவள் ஏழு வயது மகள். குற்றம் சாட்டப்பட்டவர் தந்தை. போலீஸ் அவளிடம் வாக்குமூலம் வாங்கியது 18 நாள் கழித்து. இடையில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று உயர் நீதிமன்றம் 2010இல் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பர்திவாலா அடங்கிய அமர்வு அதை ஏற்கவில்லை. ‘சொல்லிக்கொடுத்திருக்கலாம்’ என்ற வெறும் சந்தேகம் போதாது. முன்பு சொன்னதோடு முரண்படுகிறாளா, சொல்லிக்கொடுக்க யாருக்காவது வாய்ப்பும் நோக்கமும் இருந்தனவா, குறுக்கு விசாரணையில் அது வெளிப்பட்டதா என்று பார்க்க வேண்டும். போலீசின் தாமதத்துக்குச் சிறுமியைப் பொறுப்பாக்குவது நியாயமே இல்லை. பெண் வீட்டாருக்குச் சொல்லாமல் இரவோடு இரவாக உடலை எரித்ததும் அவள் சொன்னதற்கு வலுச் சேர்த்தது.

இப்படிப்பட்ட துணை ஆதாரம் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நம்பத்தக்கதென்றால் குழந்தையின் சாட்சி ஒன்றை வைத்தே தண்டிக்கலாம். துணை ஆதாரம் தேடுவது முன்னெச்சரிக்கை.

தந்தையின் தண்டனை மீண்டும் உறுதியானபோது, அந்த மகள் முப்பதை நெருங்கியிருந்தாள்.

குழந்தையிடம் கேட்கும் ஒவ்வொரு முன்கேள்வியையும் பதிலையும் சொன்னது சொன்னபடி எழுதிவைப்பது சில நிமிட வேலை. மேல்முறையீட்டில் அந்தக் குழந்தைக்காகவும், குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் பேசப்போவது அந்தப் பக்கங்கள்தான். விசாரணை நீதிமன்றங்கள் அதில் சுருக்கம் காட்டக் கூடாது.