ஆலையிற் காற்றின் விலை

கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் ஒரு நூற்பாலையை நிறுவினார். எனினும், 1932-இல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு வரத்தொடங்கிய பின்னரே அந்நகரைச் சுற்றிலும் ஆலைகள் விரைந்து பெருகின. இன்றும் நூற்பாலை ஒன்றின் பெருஞ் செலவுகளுள் மின்சாரமும் ஒன்றாம். அதனைக் குறைக்கும் வழி யாது என வினவினால், புதிய மோட்டார், புதிய யந்திரம் என்று விலையுயர்ந்த விடைகளே முதலில் வரும். ஒரு கைக்கடிகாரமும் சிறிது சோப்பு நீரும் கொண்டு செய்யத்தக்க சிக்கனம் ஒன்று உண்டென்பதைப் பலர் கருதுவதில்லை. அதுவே அமுக்கிய காற்றைக் காத்தல்.

நூற்பாலைக்குள் காற்று பல வேலைகளைச் செய்கிறது. ஆட்டோகோனர் என்னும் நூல் சுற்றும் யந்திரத்தில் அறுந்த நூலின் இரு முனைகளையும் முடிச்சின்றி முறுக்கி இணைப்பது காற்றே. நிறைந்த நூற்குழல்களைக் கழற்றி வெற்றுக் குழல்களை மாட்டும் கருவிகளுக்கும் காற்று வேண்டும். இக்காற்றைக் கம்ப்ரஸ்ஸர் என்னும் யந்திரம் அமுக்கிக் குழாய்வழி அனுப்புகிறது. அதற்கு நாம் ஊட்டும் மின்சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இறுதியில் பயனுள்ள வேலையாகக் கிடைக்கிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாய்ப் போய்விடும். ஆகவே, வெளியே இலவசமாய் வீசும் காற்று குழாய்க்குள் புகுந்தவுடன் ஆலையின் மிக விலையுயர்ந்த பண்டங்களுள் ஒன்றாகிவிடுகிறது.

இத்தகைய காற்று கசிந்தால் அதைக் காண்பார் இல்லை. நீர் கசிந்தால் தரை நனையும். எண்ணெய் கசிந்தால் கறை படியும். காற்றோ தடமின்றிப் போகும். அதன் சீறலும் யந்திரங்களின் பேரோசையில் அமிழ்ந்துவிடும். 7 பார் அழுத்தமுள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை ஒன்று இருப்பின், அதன் வழியே வீணாகும் மின்சாரம் 3 கிலோவாட்டுக்குக் குறையாது. ஆண்டில் 8,000 மணி நேரம் ஆலை ஓடுமாயின், அது 24,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் எனக் கொண்டால், 1,68,000 ரூபாய் ஒரு சிறு துளையின் வழியே பறந்துபோகிறது! அதனை அடைக்க வேண்டுவதோ பெரும்பாலும் ஒரு வாஷர், அல்லது இறுக்கிக் கட்டிய ஒரு வளையம்.

கசிவு மொத்தம் எவ்வளவென்று அறிவது எப்படி? இரவு பகலாய் ஓடும் ஆலைகளும் பொங்கல், தீபாவளி போன்ற நாட்களில் நிற்கும். அந்நாளில் காற்றைப் பயன்படுத்தும் யந்திரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, குழாய்களைத் திறந்தபடியே வைத்து, கம்ப்ரஸ்ஸரை மட்டும் ஓட்டுக. கசிவே இல்லையாயின், அழுத்தம் நிரம்பியபின் அது மீண்டும் சுமையேற வேண்டுவதில்லை. கசிவிருப்பின் சிறிது நேரம் சுமையேறியும் சிறிது நேரம் சுமையிறங்கியும் மாறி மாறி ஓடும். இவ்விரு காலங்களையும் பலமுறை அளந்து சராசரி காண்க. 2 நிமிடம் சுமையோடும் 6 நிமிடம் சுமையின்றியும் ஓடுமாயின், 8 நிமிடத்தில் 2 நிமிடம், அதாவது யந்திரத்தின் திறனில் நூற்றுக்கு 25 பங்கு, கசிவுக்கே இரையாகிறது. (வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் புதுவகைக் கம்ப்ரஸ்ஸருக்கு இம்முறை பொருந்தாது.) கவனிப்பாரற்ற ஆலைகளில் இவ்வளவு கசிவது அரிதன்று. அன்றைய அமைதியிலேயே குழாய்தோறும் செவிகொடுத்து, ஐயுற்ற இணைப்புகளிற் சோப்பு நீர் தடவி, குமிழி எழும் இடந்தோறும் சீட்டுக் கட்டிவிடலாம்.

இவ்வாறு செய்யாத இடங்களில் நிகழ்வதைக் கேளுங்கள். கடைக்கோடி யந்திரத்திற்குக் காற்றுப் போதவில்லை என்று முறையீடு வரும். உடனே அழுத்தத்தை உயர்த்துவர். அழுத்தம் 1 பார் ஏறினால் மின்செலவு நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு ஏறும். அதே துளைகளும் முன்னிலும் மிகுதியாய்க் காற்றை உமிழும். மீண்டும் போதாமை தோன்ற, முடிவில் இரண்டாவது கம்ப்ரஸ்ஸர் வாங்கப்படும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றுக்கு மற்றொரு வாளி வாங்குவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? முறை இதற்கு நேர்மாறானது: முதலிற் கசிவை அடைத்து, பின்னர் யந்திரங்கள் தாங்குமளவும் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துக.

கம்ப்ரஸ்ஸர் உட்கொள்ளும் காற்றும் குளிர்ந்திருத்தல் நலம். அது 4 பாகை செல்சியஸ் சூடேறினால் மின்செலவு நூற்றுக்கு ஒரு பங்கு கூடும். தன் வெப்பத்தையே தான் உண்ணும்படி அதனை அடைத்த அறையில் வைக்காமல், நிழலுள்ள புறத்திலிருந்து தகரக் குழாய் ஒன்றால் வெளிக்காற்றை வரவிட்டாற் போதும்.

இறுதியாக, தொழிலாளர் வேலை முடிந்து செல்லுகையில் உடையிற் படிந்த பஞ்சை இக்காற்றால் ஊதிக்கொள்ளும் வழக்கம் சில ஆலைகளில் உண்டு. மின்சார நஷ்டம் ஒருபுறமிருக்க, உயரழுத்தக் காற்று கண்ணையும் செவிப்பறையையும் சிதைக்கும். தோலிலுள்ள சிறு காயத்தின் வழியே உடலுட் புகுந்து உயிருக்கும் ஊறு செய்யும். அவ்வாயிலில் ஒரு தூரிகையைத் தொங்கவிடுக.