அயோவாவில் பனி விழுந்தால்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நெல்லுக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். நவம்பர் கடைசியில் வாத்து வேட்டைப் பருவம் திறந்ததும் அங்குள்ள வேட்டைக்காரர்கள் விசாரிப்பது 800, 1,000 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் அயோவாவையும் மினசோட்டாவையும்தான். அங்கே ஏரிகள் உறைந்துவிட்டனவா, சோள வயல்களைப் பனி மூடிவிட்டதா? மூடியிருந்தால் இன்னும் இரண்டொரு நாளில் ஸ்டட்கார்ட்டின் வானம் நிறைந்துவிடும். மூடாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

இலையுதிர் காலத்தில் வாத்துகள் தெற்கே போகும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எப்போது போகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீலச்சிறகுக் கிளுவை போன்ற சில இனங்கள் நாள் பார்த்துக் கிளம்புபவை. பகல் குறையத் தொடங்கியதுமே, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே, தண்ணீரும் இரையும் தாராளமாக இருக்கும்போதே புறப்பட்டுவிடும். பச்சைத் தலை ஆண்களால் பலருக்கும் அறிமுகமான மல்லார்ட் வாத்து அப்படிப்பட்டதல்ல. அது தாக்குப்பிடிக்கும் மட்டும் தாக்குப்பிடிக்கும்.

ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள பறவை, குளிரை எப்படித் தாங்குகிறது? குளிருக்கு அது அவ்வளவாக அஞ்சுவதில்லை என்பதே உண்மை. ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு, அலகை முதுகில் புதைத்து, பனிக்கட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கூட்டமாக ஓயாமல் நீந்தி, ஏரியின் நடுவில் ஒரு துண்டுத் தண்ணீரை உறையாமல் வைத்துக்கொள்ளும். மிகக் கடுமையான நாட்களில் இரைக்குக்கூடப் போகாமல் சேமித்த கொழுப்பில் காலம் தள்ளும். விடியலிலும் மாலையிலும் பறந்துபோய் மக்காச்சோள வயலில் தொண்டை முட்டத் தின்ன முடிந்தால், சுற்றிலும் உறைபனி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அந்தச் சோளத்தைப் பனி மூடும்போதுதான் கணக்கு தவறுகிறது. உடம்புச் சூட்டுக்கான செலவு ஏறுகிறது, வரவு நின்றுவிடுகிறது.

மைக்கேல் ஷம்மர் என்ற உயிரியலாளரும் உடன் பணியாற்றியவர்களும், மிசோரியில் பல ஆண்டுகள் எடுக்கப்பட்ட வாத்துக் கணக்கை வானிலைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து 2010-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நாளின் சராசரி வெப்பம், தொடர்ந்து எத்தனை நாள் உறைநிலைக்குக் கீழே இருந்தது, பனியின் ஆழம், எத்தனை நாள் பனி கிடந்தது ஆகிய நான்கையும் அது கூட்டிப் பார்க்கிறது. ஒரு நாள் குளிர் மல்லார்டை அசைப்பதில்லை. குளிரும் பனியும் நாள்கணக்கில் சேர்ந்து சுமையானால்தான் கூட்டம் கிளம்புகிறது.

கிளம்பும் வேளையையும் அது சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. குளிர்க்காற்று முகப்பு ஒன்று கடந்து போனதும் பின்னாலிருந்து வடமேற்குக் காற்று பலமாக வீசும். அந்தக் காற்றில் ஏறிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். நல்ல பின்காற்று கிடைத்த ஓர் இரவில் 1,000 கிலோமீட்டருக்கு மேல்கூடக் கடந்துவிட முடியும். 1995 நவம்பர் முதல் வாரத்தில் கனடாவின் புல்வெளிகளிலும் வட மாநிலங்களிலும் ஒரே சமயத்தில் கடுங்குளிர் இறங்கியபோது, தங்கியிருந்த வாத்துகளும் பெருவாத்துகளும் ஏறக்குறைய ஒன்றாகவே எழுந்தன. ஒமாகா, கான்சஸ் சிட்டி விமான நிலையங்களின் ரேடார் திரைகளைப் பறவைகளே நிறைத்துவிட்டன. இல்லினாயின் பறவையியலாளர் ஃபிராங்க் பெல்ரோஸ் 1950-களிலேயே இப்படிப்பட்ட பெரும் படையெடுப்புகளைப் பதிவுசெய்திருக்கிறார்.

வேட்டைக்காரர்கள் ஏங்குவதும் இத்தகைய நாளுக்குத்தான். அந்த ஏக்கம் உயிரைக் குடித்த கதையும் உண்டு.

1940 நவம்பர் 11, முதல் உலகப் போர் முடிந்ததை நினைவுகூரும் விடுமுறை நாள். மேல் மிசிசிப்பிப் பகுதியில் காலை இதமாக விடிந்தது. மினசோட்டா, விஸ்கான்சின் ஆட்கள் மெல்லிய மேற்சட்டையோடு சிறு படகுகளில் ஏறி, ஆற்றின் நடுவிலிருந்த திட்டுகளில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டுப் பதுங்கினார்கள். வரப்போவதைப் பற்றிப் போதிய எச்சரிக்கை எதுவும் வந்திருக்கவில்லை. முற்பகலில் வானம் இருண்டது. அதற்கு முன் யாரும் பார்த்திராத அளவுக்கு வாத்துகள் தாழ்வாக, அலையலையாக வந்து விழுந்தன. அவை புயலுக்கு முன்னால் ஓடிவந்துகொண்டிருந்தன. ஆட்களோ அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு, கரைக்குத் திரும்பாமல் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். மழை பனிச்சிதறலாகி, பனியாகி, சூறைக்காற்றில் ஆறு பொங்கியபோது சிறு படகுகளால் அதைக் கடக்க முடியவில்லை. இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கியது. நனைந்த உடையோடு திட்டுகளில் சிக்கியவர்கள் கவிழ்த்த படகுக்கடியில் ஒண்டினார்கள், விடியும்வரை ஓடிக்கொண்டும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டும் உடம்பைச் சூடாக்கப் பார்த்தார்கள். மறுநாள் வினோனா நகரத்து விமானி மாக்ஸ் கான்ராட், சிறு விமானமொன்றில் ஆற்றின் மேல் தாழப் பறந்து, உயிரோடிருந்தவர்களைத் தேடி உணவும் தீப்பெட்டியும் போட்டார். அந்தப் புயலில் ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். மினசோட்டாவில் இறந்த 49 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள்.

வானிலை பறவையைத் துரத்துகிறது என்றால், பயிர் அதை நிறுத்திவைக்கிறது. நம் ஊரில் அறுப்பு முடிந்த தாளடியில் வாத்து மேய்ப்பவர்கள் ஊர் ஊராகக் கூட்டத்தை ஓட்டிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்: மேய்ப்பவன் இல்லாமல் தானே வயல் தேடிப் போகும் கூட்டம்தான் மல்லார்ட். ஆர்கன்சாவின் கிராண்ட் பிரெய்ரி நிலத்தில் மேல்மண்ணுக்குக் கீழே தண்ணீர் இறங்காத களிமண் அடுக்கு உண்டு. அதனால்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நெல் வேரூன்றியது. இன்று அமெரிக்காவின் நெல்லில் பாதிக்குச் சற்றே குறைவு அந்த மாநிலத்தில் விளைகிறது. முன்பு வெள்ளம் நிற்கும் ஓக் காடுகளில் உதிர்ந்த கொட்டைகளைத் தேடிவந்த வாத்துகளுக்கு, பக்கத்திலேயே சிந்திய நெல்லும் கிடைத்தது. நெல் தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது. சோயா அப்படியில்லை. ஊறி உப்பிச் சீக்கிரமே கெட்டுவிடும், வாத்துக்கு நல்ல தீனியுமில்லை.

ஆனால் சிந்திய நெல்லுக்கும் ஆயுள் உண்டு. சீக்கிரம் முற்றும் ரகங்கள் வந்தபின் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அறுவடை முடிந்துவிடுகிறது. வாத்துகள் பெருங்கூட்டமாக வந்துசேர நவம்பர், டிசம்பர் ஆகும். இடையில் கதகதப்பான ஈர மண்ணில் நெல் முளைக்கிறது, மக்குகிறது, எலியும் கரும்பறவைகளும் தின்கின்றன. மிசிசிப்பிச் சமவெளியில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து பார்த்தபோது, அறுத்த கையோடு ஹெக்டேருக்குச் சுமார் 270 கிலோ கிடந்த நெல், முன்பனிக் காலத்துக்குள் 80 கிலோவுக்கும் கீழே போயிருந்தது. 50 கிலோ அளவுக்கு இறங்கினால் தேடும் உழைப்புக்குக் கட்டுப்படியாகாமல் வாத்து வேறு வயல் பார்க்கிறது. வடக்கே சோள வயல்களிலும் அறுப்பு இயந்திரங்கள் திறம்பட ஆக ஆக மணி சிந்துவது குறைந்திருக்கிறது. அறுத்ததுமே உழுதுவிட்டால் சிந்தியதும் மண்ணுக்குள் போய்விடும்.

இந்த இடத்தில் சட்டம் ஒரு நுட்பமான கோடு கிழிக்கிறது. அமெரிக்காவில் 1935 முதல், தீனி தூவி வாத்தை வரவழைத்துச் சுடுவது குற்றம். வழக்கமான அறுவடையில் தானாகச் சிந்திய தானியத்தின் மேல் வேட்டையாடலாம். வேண்டுமென்றே ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால், அதை அள்ளிச் சுத்தம் செய்த பிறகும் 10 நாளுக்கு அந்த இடத்தில் துப்பாக்கி தூக்கக் கூடாது. மிக நியாயமான சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பசித்துக் களைத்து வரும் பறவைக்கு உணவே பொறியாக முடிவது வேட்டையின் நெறியில் சேராது.

அண்மை ஆண்டுகளின் மிதமான குளிர்காலங்களில் தெற்கத்தி வேட்டைக்காரர்களிடம் ஒரு குறை அடிக்கடி கேட்கிறது: வடக்கே இருப்பவர்கள் சோளத்தை அறுக்காமல் விட்டு, தண்ணீர் கட்டி, வாத்துகளை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்கிறார்கள் என்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மல்லார்டின் இயல்பை அறிந்தவர்கள் முதலில் வானத்தைத்தான் கைகாட்ட வேண்டும். ஆழ்ந்த பனி விழாத வரை வாத்தைக் கிளப்ப யாராலும் ஆகாது. விழுந்து ஏரியும் உறைந்துவிட்டால் எந்தச் சோளமும் அதை வெகுநாள் பிடித்துவைக்காது.

தெற்கே இருக்கும் விவசாயி தன் வயலில் செய்யக்கூடியது நிறைய. அறுத்த தாளை உழாமல் விடலாம். நவம்பரில் வடிகாலை அடைத்து, மல்லார்ட் தலையைக் கவிழ்த்து அடி மண்ணை எட்டும் அளவுக்கு, ஒரு சாணுக்குள் மழைத்தண்ணீரைத் தேக்கலாம். எல்லா வயலையும் ஒரே நாளில் நிரப்பாமல், பின்னால் வரும் கூட்டத்துக்கென்று சிலவற்றைத் தள்ளி நிரப்பலாம். இதில் விவசாயிக்கு நட்டமில்லை. வாத்துகள் மிதித்துக் கிளறுவதில் வைக்கோல் விரைவாக மக்குகிறது. தேங்கிய நீர் குளிர்காலக் களையை அமுக்கி, மேல்மண் ஆற்றோடு போவதைத் தடுக்கிறது. அடுத்த ஆண்டு நெல்லோடு போட்டியிட்டு முளைக்கவிருக்கும் சிவப்புக் களைநெல்லையும் வாத்துகள் பொறுக்கித் தின்றுவிடுகின்றன.