கொட்டாங்குச்சி ஏன் முங்கல?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஒன்றாம் வகுப்பு. நடுவில் தண்ணீர் நிறைந்த அன்னக்கூடை. சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருத்தி களிமண் உருண்டையைப் போடுகிறாள். அது அடியில் போய் உட்காருகிறது. பக்கத்தில் இருப்பவன் கொட்டாங்குச்சியை விடுகிறான். ஆடி ஆடி மிதக்கிறது.

"டீச்சர், இது மட்டும் ஏன் முங்கல?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. "நீ என்ன நெனைக்கிற?" என்று திருப்பிக் கேட்கிறார்.

"லேசா இருக்கு டீச்சர்."

களிமண் போட்ட பெண்ணுக்கு அந்தப் பதில் போதவில்லை. கொட்டாங்குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். களிமண்ணை வெளியே எடுத்து, கட்டைவிரலால் நடுவில் குழித்து, ஓரத்தை மெல்ல உயர்த்தி, மறுபடி தண்ணீரில் விடுகிறாள். அதே மண்தான். இந்த முறை மிதக்கிறது!

ஊகித்தாள், செய்து பார்த்தாள், தோற்றாள், மாற்றிச் செய்தாள். ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதுதான். ஐந்து வயது முடிந்து பள்ளிக்குள் வரும் பிள்ளைக்கு இந்த நால்வகை வேலையும் விளையாட்டில் இயல்பாகவே வருகிறது. அதை நிறுத்திவிட்டுப் பாடம் தொடங்குவதுதான் நாம் காலங்காலமாகச் செய்துவரும் தவறு.

கையால் கற்பது நமக்குப் புதிதல்ல

குழந்தை தன் கையால் கற்கிறது என்று சொன்ன மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாக வேர்விட்டு, 2007இல் தமிழகம் முழுவதும் பரவியது. பிள்ளைகளோடு டீச்சரும் பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் வகுப்புக்குள் அழைத்தது.

டீச்சரின் வேலை

விளையாட்டு என்றால் பிள்ளைகளை அவிழ்த்துவிடுவது என்று பொருளல்ல. கொட்டாங்குச்சியும் களிமண்ணும் அன்று அருகருகே இருந்தது தற்செயல் அல்ல. முந்தின நாளே டீச்சர் யோசித்து எடுத்து வைத்தவை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம், எதைத் திருப்பிக் கேட்கலாம் என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். எழுத்துகள் விளையாட்டில் தானாக வந்துவிடாது. அவற்றை முறையாகச் சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் 'முங்கும்', 'மிதக்கும்' என்று வாய் நிறையப் பேசிய பிள்ளைக்கு 'மி' என்ற எழுத்து வெறும் கோடாகத் தெரியாது.

இதற்குப் பெரிய செலவில்லை. மணல், தண்ணீர், புளியங்கொட்டை, பல்லாங்குழி எல்லாம் ஊரிலேயே உண்டு. வேண்டியது ஆளும் நேரமும்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில், பதிவேடும் செல்போன் செயலியும் டீச்சரின் பாதி நேரத்தைத் தின்றால், பிள்ளையின் கேள்விக்குக் காதுகொடுக்க யார் மிச்சம்? ஒன்றாம் வகுப்புக்கென்று தனி ஆசிரியர் வேண்டும். அவரிடமிருந்து எழுத்து வேலையைக் குறைக்க வேண்டும். அதன் பிறகு வரும் எந்தப் பயிற்சியும் பலன் தரும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே" என்ற கவலை நியாயமானதுதான். கூலி வேலைக்குப் போய் வரும் தாய்க்குப் பிள்ளையின் படிப்பைக் காட்டுவது அந்த நோட்டு ஒன்றுதான். ஆனால் அந்த நோட்டுக்கு எழுத்து விளையாட்டு வழியாகவும் வரும்.

களிமண்ணை மிதக்கவிட்ட மறுநாள் அந்தப் பெண் தன் மண் கிண்ணத்தில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள். பதினொன்றில் முங்கியது. ஓரத்தை இன்னும் உயர்த்தினாள். பதினான்கு வரை தாங்கியது. நாளைக்கு மறந்துபோகும் என்று யோசித்தவள், யாரும் சொல்லாமலே பென்சிலை எடுத்தாள். அவள் நோட்டின் அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு எண். கொஞ்சம் கோணலாக, பெரிதாக: 14.