ட்யூப்லைட்டில் சோலார் பேனல் சார்ஜ் ஆகுமா?

மழைக்காலம், வெயில் இல்லை. பின்புறம் சின்ன பேனல் ஒட்டிய பவர்பேங்கை ட்யூப்லைட்டுக்குக் கீழே வைக்கிறீர்கள். சார்ஜ் காட்டும் விளக்கு மங்கலாக எரிகிறது. அதை நம்பலாமா? வேண்டாம்.

பேனலுக்கு வெயிலும் ஒளிதான், விளக்கும் ஒளிதான். சிக்கல் அளவில். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). விளக்குப் போட்ட அறையில் 500 இருந்தாலே அதிகம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த இடைவெளி நமக்குத் தெரிவதில்லை.

அப்படியென்றால் 200-இல் ஒரு பங்காவது கிடைக்குமே? அதுவும் கிடைக்காது. வெயிலில் அகச்சிவப்புக் கதிர் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) நிறைய உண்டு. சிலிக்கான் பேனல் அதிலும் ஒரு பகுதியை மின்சாரமாக்கும். ட்யூப்லைட்டிலும் எல்.இ.டி.யிலும் அது இல்லாததற்குச் சமம். கடைசியில் கைக்கு வருவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டால்? வெயிலில் 1 வாட் தரும் பேனல், அறையில் 1 மில்லிவாட் தரும். 10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் நிரம்ப, இரவு பகலாக விளக்கை அணைக்காமல் வைத்தாலும் 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நல்ல வெயிலிலேயே ஒரு வாரம் தாண்டும். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பின் ஏன் சார்ஜ் காட்டும் விளக்கு எரிந்தது? வெளிச்சம் குறையும்போது ஆம்பியர் (மின்னோட்டம்) அதே விகிதத்தில் சரியும். வோல்ட் (மின்னழுத்தம்) மெதுவாகத்தான் இறங்கும். சின்ன விளக்கு மினுங்க அது போதும். ஆகவே கடைக்காரர் மல்டிமீட்டரில் வோல்ட் மட்டும் காட்டினால் திருப்தி அடையாதீர்கள். வெயிலில் வைத்து ஆம்பியரையும் அளக்கச் சொல்லுங்கள்.

கால்குலேட்டர் மட்டும் எப்படி ஓடுகிறது? அதன் பேனல் அறை வெளிச்சத்துக்கு ஏற்ற வேறு வகை. அதற்குத் தேவையான மின்சாரமும் மிக மிகக் கொஞ்சம்.

தோட்டத்து சோலார் விளக்கு இரவில் எரியவில்லையா? தூக்கிப் போடுமுன் பக்கத்தில் தெருவிளக்கு இருக்கிறதா பாருங்கள். பல விளக்குகளில் பேனலே இருட்டை அறியும் கருவி. தெருவிளக்கு வெளிச்சம் பட்டால் பகல் என்று எண்ணி அணைந்தே கிடக்கும். பேனலைக் கையால் மூடுங்கள். எரிந்தால் பழுதில்லை, இடத்தை மாற்றினால் போதும்.

மொட்டைமாடி பேனலில் இரவில் கை வைக்கலாமா? கூடாது. வரிசையாக இணைத்த பேனல்களில் சில நூறு வோல்ட் வரை வரும். பெரிய ஃப்ளட்லைட் வெளிச்சம் பட்டாலே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் உண்டாகலாம். ஒயர் அறுந்திருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.