திரையைக் கறுப்பாக்கும் ஓர் எழுத்து

அறிவியல் வகுப்பு. புரொஜெக்டர் ஓடுகிறது. இதயத்தின் நான்கு அறைகளைக் காட்டும் ஸ்லைடு வர வேண்டும். ஆசிரியர் லேப்டாப் மேல் குனிந்து மவுஸ் அம்பைத் தேடுகிறார். "சார், மேல இருக்கு சார்", "இல்ல சார், ஓரத்துல" என்று வகுப்பே வழிகாட்டுகிறது. அம்பு கிடைத்து, மெனு திறந்து, ஸ்லைடு வந்து சேர்வதற்குள் கடைசி பெஞ்சில் வேறு கச்சேரி ஆரம்பமாகியிருக்கும்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் ஷார்ட்கட் கீ. 'அனைவரும் அறிய வேண்டிய 100 ஷார்ட்கட்டுகள்' என்ற படம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைச் சேமித்து வைத்தவர்கள் பலரைத் தெரியும். மறுபடி திறந்து பார்த்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நூறும் வேண்டியதில்லை. பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கைகொடுக்கிற ஏழெட்டு போதும்.

ஷார்ட்கட் நேரத்தை மிச்சப்படுத்துமா என்பதிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. ஆப்பிள் நிறுவனத்தில் கணினித் திரை வடிவமைப்பைக் கவனித்துவந்த புரூஸ் டாக்னட்சினி 1989-இல் ஒரு குண்டைப் போட்டார். விசைப்பலகைதான் வேகம் என்று பயன்படுத்துவோர் சொல்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் மவுஸ் ஜெயிக்கிறது என்றார். எந்த விசை என்று யோசிப்பதில் கரையும் நொடிகள் நமக்கு உறைப்பதில்லையாம். யோசிக்காமலே விரல் போய் விழும் விசைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கட்சி. அது எப்படியோ போகட்டும். வகுப்பறைக்கு வேறு கணக்கு. மவுஸ் பிடித்தால் கண் திரைக்குப் போயாக வேண்டும். விசைக்கு விரல் போதும். கண் பிள்ளைகள் மேலேயே இருக்கலாம்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் ஒற்றை எழுத்துக்குத்தான். பவர்பாயின்ட் ஸ்லைடு ஷோ ஓடும்போது 'பி' விசையைத் தட்டினால் திரை முழுக்கக் கறுத்துவிடும். இன்னொரு முறை தட்டினால் விட்ட ஸ்லைடு அப்படியே திரும்பும். ஒரு பையன் நல்ல கேள்வி கேட்கிறான். பதில் சொல்லும்போது முப்பது பேர் ஸ்லைடை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் சொல்வது யார் காதிலும் ஏறாது. திரையைக் கறுப்பாக்கினால் தலைகள் நிமிரும். வெள்ளைப் பலகை மீதே படம் விழுகிறது என்றால் இன்னும் வசதி: 'பி' தட்டிவிட்டு மார்க்கரால் அதிலேயே எழுதலாம். புரொஜெக்டரை அணைத்துப் போட்டுக் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பன்னிரண்டாம் ஸ்லைடு வேண்டுமானால் 12 என்று அடித்து என்டர் தட்டினால் போதும். எஃப்5 ஷோவை முதலிலிருந்து தொடங்கும். ஷிஃப்ட்டுடன் எஃப்5, நிற்கும் ஸ்லைடிலிருந்து தொடங்கும். இங்கே ஒரு சிக்கல். பல லேப்டாப்புகளில் எஃப் வரிசை விசைகள் வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு பயிற்சி வகுப்பில் நான் கம்பீரமாக எஃப்5-ஐத் தட்ட, திரை மங்கியது. இன்னும் அழுத்தித் தட்ட, இன்னும் மங்கியது. எஃப்என் விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தபோதுதான் மானம் தப்பியது.

யூடியூபில் மூன்று விசைகள் அடுத்தடுத்து இருக்கின்றன: 'ஜே' பத்து நொடி பின்னே, 'கே' நிறுத்த, 'எல்' பத்து நொடி முன்னே. வீடியோ எடிட்டர்களுக்கு இந்த மூன்றும் ஏற்கெனவே பழகியவை. நிறுத்திவைத்த வீடியோவில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் நகரும். காற்புள்ளி தட்டினால் ஒரு ஃபிரேம் பின்வாங்கும். தவளை நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும் காட்சியை இப்படி ஃபிரேம் ஃபிரேமாகக் காட்டிப் பாருங்கள். கவனம் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது.

கன்ட்ரோலுடன் சேரும் இசட், எக்ஸ், சி, வி நான்கையும் எல்லோரும் அறிவார்கள். அவை ஏன் அந்த எழுத்துகள் என்பது சுவையான கதை. வெட்டி ஒட்டும் வேலையை 1970-களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவாக்கியவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார்; 1983-இல் வந்த லிசா கணினியில் இந்த நான்கு எழுத்துகளும் இடம்பிடித்தன. எக்ஸ் என்பது எழுதியதன் மேல் போடும் பெருக்கல் குறி. வி-யின் கூர்முனை கீழே பார்க்கிறது: 'இங்கே செருகு' என்று திருத்துபவர் போடும் குறியைப் போல. நான்கும் கீழ்வரிசையில், இடது கைக்கு அருகில். வலது கை மவுஸை விட வேண்டியதில்லை. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார்.

ஸ்டாஃப் ரூம் வேலைக்கு இரண்டு போதும். எக்ஸெலில் மதிப்பெண்களுக்குக் கீழே உள்ள கட்டத்தில் நின்று ஆல்ட்டுடன் சமக்குறி தட்டி என்டர் கொடுத்தால் கூட்டல் முடிந்தது. கன்ட்ரோலுடன் அரைப்புள்ளி தட்டினால் அன்றைய தேதி விழும்.

தமிழாசிரியர்களின் குறை வேறு. விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டி, தமிழ்99-க்கும் ஆங்கிலத்துக்கும் நொடியில் மாறிக்கொள்ளலாம். ஆனால் கன்ட்ரோல்+எஃப் போட்டுத் தேடினால் பழைய வினாத்தாளில் ஒரு சொல்கூட அகப்படாது. காரணம் எளிது: வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அவை லத்தீன் எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ்க் குறியாக்கத் தரமாக அறிவித்த பிறகும் பழைய கோப்புகள் பழையபடியே கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிவிடுவது நல்லது.

யூனிகோடிலும் ஒரு வேடிக்கை. 'கு' அடித்து பேக்ஸ்பேஸ் தட்டினால் 'க' மிஞ்சும். இலக்கணப்படி உகரம் போனால் 'க்' அல்லவா மிஞ்ச வேண்டும்? கணினிக்கு அகரம் ஏறிய 'க'தான் அடிப்படை. உகரக் குறியும் புள்ளியும் அதன்மேல் ஏற்றியவை. உயிர்மெய் நடத்தும் நாளில் இதையே திரையில் காட்டி, கணினி எங்கே நன்னூலை மீறுகிறது என்று பிள்ளைகளைக் கேட்கலாம்.

பார்வையற்ற மாணவர்களுக்கு இதெல்லாம் குறுக்குவழி இல்லை, இருப்பதே இந்த ஒரு வழிதான். அம்பைப் பார்க்க முடியாதவருக்கு மவுஸால் என்ன பயன்? என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. தொடங்கிய மைக்கேல் கரனும், அவருடன் சேர்ந்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். அதில் 'எச்' தட்டினால் இணையப் பக்கத்தின் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். "அந்த நீலப் பட்டனை அழுத்து" என்று லேபில் சொல்லும் ஆசிரியர் இப்படிப்பட்ட மாணவருக்கு எதையுமே சொல்லவில்லை. விசையின் பெயரைச் சொன்னால் வகுப்பு முழுதும் ஒன்றாக நகரும். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்யும் பிள்ளை இருந்தால் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டச் சொல்லுங்கள். 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு பெட்டி வரும். எரிச்சலோடு நாம் மூடிவிடும் அதே பெட்டிதான். ஒப்புக்கொண்டால், சேர்த்துப் பிடிக்க வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே வேலை நடக்கும்.

பீரியட் மணி அடித்ததும் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுபவர்கள் விண்டோஸ் விசையுடன் 'எல்' தட்டிவிட்டு ஓடலாம், திரை பூட்டிக்கொள்ளும். காலாண்டுத் தேர்வு வினாத்தாள் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும் வாரத்தில் இதை மறக்கக் கூடாது.