செல் சமிக்ஞை உருவகப்படுத்தல்: தீர்மான முறையும் தற்செயல் முறையும்

வெளியிலிருந்து வரும் வேதிச் செய்தியைப் பெற்று, அதை உள்ளே புரதங்கள் வழியாகக் கடத்தி, அதற்கேற்ப ஒரு செல் செயல்படுவதே செல் சமிக்ஞை. இதைக் கணினியில் உருவகப்படுத்த இரு முறைகள் உள்ளன. தீர்மான முறை மூலக்கூறுகளை எண்ணுவதில்லை. செறிவுகள் எப்படி மாறுகின்றன என்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளால் கணிக்கிறது. தொடக்க மதிப்புகள் மாறாதவரை விடையும் மாறாது. தற்செயல் முறையில் மூலக்கூறுகள் முழு எண்களாகவே எண்ணப்படும். டேனியல் கில்லெஸ்பி 1976, 1977 ஆண்டுகளில் வெளியிட்ட படிமுறை, இரண்டு சமவாய்ப்பு எண்களைக் கொண்டு அடுத்த வினை எப்போது நிகழும், எந்த வினை நிகழும் என்று முடிவு செய்கிறது. எனவே ஒவ்வோர் ஓட்டத்திலும் விடை சற்று வேறுபடும்.

எதைத் தேர்வது என்பது பெரும்பாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எ.கோலை பாக்டீரியாவின் கன அளவு ஏறத்தாழ 1 ஃபெம்டோலிட்டர். அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தால் செறிவு சுமார் 1.7 நானோமோலார். சமன்பாடு 0.5 நானோமோலார் என்று விடை தந்தால், செல்லில் மூன்றில் ஒரு பங்கு மூலக்கூறு இருப்பதாகப் பொருள்! எளிய வினைகளில் ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் இருக்கும். 10,000 மூலக்கூறுகள் என்றால் 1 விழுக்காடு; 100 என்றால் 10 விழுக்காடு; 4 என்றால் 50 விழுக்காடு.

ஒரே செல்லில் இரு நிலைகளும் இருக்கலாம். எ.கோலையின் வேதிநாட்டத்தில், கசையிழை மோட்டாருக்குச் செய்தி கொண்டு செல்லும் கீ-ஒய் புரதம் செல்லுக்குப் பல ஆயிரம் உண்டு. ஏற்பிகளில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் கீ-ஆர் நொதியோ சில நூறு அளவே. சூழல் மாறாதபோதும் தனி பாக்டீரியாவின் மோட்டார் சுழற்சியில் நீண்டநேர ஏற்ற இறக்கம் இருப்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. மெத்தில் சேர்க்கும் அமைப்பின் ஏற்ற இறக்கமே காரணம் என்று விளக்கியது. தீர்மான முறை மட்டும் கொண்டு இதைக் கணித்தால் ஒரு நேர்கோடுதான் கிடைக்கும்.

தற்செயல் முறையின் சராசரி தீர்மான முறையின் விடைக்குச் சமம் என்று பலர் கருதுவர். வினைவேகங்கள் நேரியலாக இருந்தால் மட்டுமே இது முற்றிலும் சரி.

செல்லுக்குச் செல் வேறுபாடு தெரிந்தாலே தற்செயல் முறைதான் தேவை என்பதும் தவறு. ஜெனோபஸ் தவளையின் முட்டைச் செல்களுக்குப் புரோஜெஸ்டெரோன் கொடுத்து ஃபெரெல், மாக்லேடர் இருவரும் 1998-இல் ஆராய்ந்தனர். மொத்தமாக அளந்தபோது மாப் கைனேஸின் துலங்கல் படிப்படியாக உயர்ந்தது. தனித்தனியே பார்த்தால், ஒவ்வொரு செல்லும் முழுமையாகத் துலங்கியது அல்லது துலங்கவே இல்லை. இச்செல்லின் விட்டம் 1 மில்லிமீட்டருக்கும் மேல், மூலக்கூறுகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே செல்லுக்குச் செல் தொடக்க மதிப்புகளை மாற்றித் தீர்மானச் சமன்பாடுகளைத் தீர்த்தாலே போதும்.

தற்செயல் முறைக்குக் கணினி நேரம் அதிகம் செலவாகும். ஓட்டங்களும் நூற்றுக்கணக்கில் வேண்டும். பல வினைகளை ஒரே தாவலில் கணக்கிடும் டௌ-தாவல் முறையைக் கில்லெஸ்பி 2001-இல் முன்வைத்தது இதனால்தான். அரிதான மூலக்கூறுகளுக்கு மட்டும் தற்செயல் முறையும் மற்றவற்றுக்குச் சமன்பாடுகளும் பயன்படுத்தும் கலப்பு முறைகளும் உள்ளன.