அல்லைப்பிட்டிப் பீங்கானும் சீனத்துச் சூளைகளும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து ஊர்காவற்றுறைக்குச் செல்லும் தெருவில், வேலணைத் தீவின் கிழக்குப் புறத்தே அமைந்துள்ளது அல்லைப்பிட்டி என்னும் சிற்றூர். பனையும் மணலும் கடற்றொழிலுமே இவ்வூரின் செல்வம் என எண்ணுவோர் பலர். ஆயினும், அம்மணலுள் ஒன்பது நூற்றாண்டுகளாகப் புதைந்து கிடந்த பீங்கான் துண்டுகள் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன.

1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் இங்குக் கிடைத்த சீனப் பீங்கான்களை ஆராய்ந்தார். 2018-இல் இலங்கை மத்திய கலாசார நிதியமும் சீனத்துச் சாங்காய் அரும்பொருட்சாலையும் சேர்ந்து அகழாய்வு நடத்தின. கிண்ணம், தட்டு, சாடி முதலியவற்றின் துண்டுகள் பல நூறு வெளிப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. சீனத்தில் அது சுங் மரபினர் ஆண்ட காலம்.

ஊரும் பேரும் பொறிக்கப்படாத உடைந்த துண்டொன்று, தான் பிறந்த இடத்தை எவ்வாறு உணர்த்தும்? இதற்கு விடை சூளையிடத்தே உள்ளது. தென் சீனத்தில் குன்றின் சரிவையொட்டி நீண்ட சூளைகளைக் கட்டினர். மலைமேல் ஊர்ந்தேறும் நாகம் போன்ற தோற்றத்தால் அவற்றை ‘நாகச் சூளை’ என்றனர். அடிவாயில் மூட்டிய தீ, புகைபோக்கியை நோக்கி ஏறுவது போலச் சரிவின் வழியே மேலேறும். பக்கத் துளைகளினூடாக இடையிடையே விறகிட்டு, வெப்பத்தை 1,200 பாகை செல்சியசுக்கும் மேல் உயர்த்துவர். சாவ்சௌ நகரருகே அகழப்பட்ட இத்தகைய சூளையொன்று ஏறத்தாழ 80 மீற்றர் நீளமுடையது. ஒரே சூட்டில் பல்லாயிரம் கலங்களைச் சுடுவதற்கு இவ்வமைப்பு உதவிற்று.

எத்துணைக் கவனமாகச் சுட்டாலும் சில கலங்கள் கோணும். சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விற்பனைக்கு உதவாத அவற்றைச் சூளையருகே கொட்டிவிடுவர். அக்கழிவு மேடே ஆராய்ச்சியாளருக்குக் கருவூலம். அங்குள்ள களிமண்ணின் நிறம், மெருகுப் பூச்சின் தன்மை, கீறிய பூவேலை, அடிப்பாகத்தைச் செதுக்கிய முறை ஆகியவற்றைத் தொலைவிற் கிடைத்த துண்டோடு ஒப்பிடுவர். இவை யாவும் பொருந்தினால், இரண்டும் ஒரே தொழிற்கூடத்துப் பொருள்கள் எனத் துணியலாம். இவ்வாறே அல்லைப்பிட்டிக் கலங்களிற் பல, குவாங்டொங் மாகாணத்துச் சாவ்சௌச் சூளைகளையும் குவாங்சௌ நகரை அடுத்த சூளைகளையும் சேர்ந்தவை என அறியப்பட்டன.

இத்துணைத் தொலைவிலிருந்து வந்த கலங்கள் இத்தீவில் இறங்கியதேன்? அதற்கு நயினாதீவு விடை தருகிறது. அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலில், முதலாம் பராக்கிரமபாகு (கி.பி. 1153–1186) பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்று அது உறுதி கூறுகிறது. ஆனையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், வாணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் பாதிப் பாதி என்றும் அது வகுத்தது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. இப்பீங்கான்கள் கல்வெட்டுக்குச் சற்று முற்பட்டவை. ஆகவே, மன்னன் புதிதாகத் துறையொன்றை அமைக்கவில்லை. முன்னரே செழித்த கடல் வாணிகத்துக்கு அரணமைத்தான் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

உடைந்த பீங்கானுக்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் அது கிடந்த இடமும் ஆழமும் உடன்கிடந்த பொருள்களும் சேர்ந்தே அதன் சாட்சியம் ஆகின்றன. அழகுக்காக ஒருவர் அதைப் பெயர்த்தெடுத்து வீட்டில் வைத்தால், அச்சாட்சியம் கலைந்துவிடும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ இத்தகைய துண்டுகள் தென்படின், கிடந்தவாறே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். தீவக மக்கள் தம் முன்னோரின் வரலாற்றுக்குச் செய்யத்தக்க எளிய தொண்டு இதுவே.